வெர்னர் குறை சொன்ன துப்பாக்கி

வாழ்க்கையில் இன்னும் ஒரே ஒரு பொய் சொல்வது, அதோடு பொய்க்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று வெர்னர் முடிவு செய்தார். இந்த உயர்ந்த முடிவு அவருக்கு உதித்த இடம் ஓபர்பாஹ் கிராமத்துத் துப்பாக்கிச் சங்கத்தின் கூடம். காரணம், அங்கே பரிசு மேசையில் ஒரு பன்றித்தொடைக்கும் ஒரு மாட்டு மணிக்கும் நடுவில் படுத்திருந்த பழைய ராணுவத் துப்பாக்கி.

வருஷக் கடைசிப் போட்டி முடிந்துவிட்டது. சனிக்கிழமை பரிசளிப்பு விருந்து. சங்கத்தின் வழக்கம் எளிமையானது. முதலிடம் பிடித்தவர் மேசையிலிருந்து தனக்குப் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்வார். அப்புறம் இரண்டாமவர், அப்புறம் மூன்றாமவர். கடைசி ஆட்களுக்கு மிஞ்சுவது வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடி. வெர்னர் வீட்டில் ஊறுகாய்க்குப் பஞ்சமே வந்ததில்லை.

இந்த வருஷம் அவருக்குப் பதின்மூன்றாம் இடம். மனைவி ரோஸ்மாரிக்குப் பன்னிரண்டு. கல்யாணமான நாளிலிருந்தே அவள் அவருக்கு ஓரடி முன்னால்தான்.

வெர்னருக்குக் குறிபார்த்துச் சுடத்தான் வராதே தவிர, துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த ராணுவம்தான் வரவேண்டும். ஓய்வு பெறும்வரை, தபாலோடு ஆட்களையும் ஏற்றிச் செல்லும் தபால் பஸ் ஓட்டினார். அந்தக் காலத்தில் அவர் பேச்சைத் தாங்க முடியாமல் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, மழையில் நடந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. எந்த வருஷத்தில் துப்பாக்கியின் கட்டைக்கு வால்நட் மரத்தை விட்டுவிட்டு பீச் மரம் போட்டார்கள், எந்த முத்திரை எந்த அதிகாரியுடையது, ஊரில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் வெர்னரைத்தான் கேட்பார்கள். அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மேசையில் இருந்த துப்பாக்கி, போன வசந்தத்தில் காலமான மேட்டுப் பண்ணை கிறிஸ்டியானுடையது. வாரிசுகள் பண்ணையைக் காலி செய்தபோது சங்கத்துக்கு அன்பளிப்பாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கச் சகிக்காது. கட்டையின் கீழ்ப்பாதி பனியிலும் சேற்றிலும் ஊறிக் கறுத்து, ஆணி பூட்ஸ் உதைபட்டுச் சிதைந்திருந்தது. ஆனால் வெர்னர் சும்மா விரலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, இரும்பில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார்.

ஐந்தில் ஆரம்பித்து, வரிசையாகச் சுழியங்கள். கடைசியில் ஒல்லியாக ஒரு எண். இந்த ரகத்துக்கு எண்ணே ஐந்து லட்சத்தில்தான் தொடக்கம். அதாவது பெர்ன் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து இந்த ரகம் முதன்முதலில் வெளியே வந்தபோது வந்த கைப்பிடி அளவில் இதுவும் ஒன்று. வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தில் பார்த்ததைப் பன்றித்தொடைக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டார்.

யாரோ வரும் சத்தம். வெர்னர் துப்பாக்கியைச் சூடு பட்டவர்போல் கீழே வைத்துவிட்டார். வேறு சமயமாக இருந்தால் குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றியிருப்பார், குண்டு அடைக்கும் மேகசினை உருவியிருப்பார், குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்திருப்பார், பக்கத்தில் இருப்பவர்களைப் பிடித்து நிறுத்திப் பிரசங்கம் செய்திருப்பார். இப்போது அதெல்லாம் முடியாது. வெர்னர் ஒரு துப்பாக்கியை இரண்டாம் தடவை கையில் எடுத்தார் என்று தெரிந்தாலே போதும், அவருக்கு முன்னால் இருக்கும் பன்னிரண்டு பேரும் அதைத்தான் எடுப்பார்கள்.

வந்தவர் எர்ன்ஸ்ட். சீஸ் பண்ணை முதலாளி. மூன்றாம் இடம். போதாக்குறைக்கு அவரும் துப்பாக்கி சேகரிப்பவர்.

"என்ன வெர்னர், இந்தத் துப்பாக்கி எப்படி?"

"எந்தத் துப்பாக்கி?"

"உன் மூக்குக்குக் கீழே இருக்கே, அது."

"ஓ, இதுவா! நான் பன்றித்தொடையைப் பாத்துக்கிட்டிருந்தேன். என்ன கொழுப்பு, என்ன நிறம்!"

"தொடை இருக்கட்டும். இதோட குழல் எப்படி?"

"குழலா? வீட்டு ஜலதாரை தேவலாம். இப்படி ஒரு துருவை என் ஜென்மத்துல பாத்ததில்லே."

இது உண்மைதான். அவர் பார்க்கவே இல்லையே.

"போல்ட்டு?"

"வேற துப்பாக்கியோடது. எண்ணே ஒத்துவரலே."

"அடப் பாவமே. மேகசின்?"

"அது இன்னொண்ணோடது. எர்ன்ஸ்ட், உன்னை என் தம்பியா நினைச்சுச் சொல்றேன். இதைச் சுட்டா குண்டு முன்னால போகுமா பின்னால வருமான்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

எர்ன்ஸ்ட் மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். வெர்னருக்குத் தன்மேல் தனக்கே பெருமை தாங்கவில்லை.

நல்ல பொய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சொன்னவர் சும்மா இருந்தாலும் அது சும்மா இருக்காது. மறுநாள் சீஸ் பண்ணையில் பால் ஊற்ற வந்தவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்தது. அதற்கு மறுநாள், அந்தத் துப்பாக்கி வெடித்து யாருக்கோ கட்டைவிரல் போய்விட்டதாம் என்று ரொட்டிக் கடையில் வெர்னரிடமே ஒரு அம்மாள் சொன்னாள். வியாழக்கிழமை சங்கத் தலைவர் ஊர்ஸ் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வெர்னர், நீ எச்சரிச்சது ரொம்ப நல்லதாப் போச்சு. அந்தத் துப்பாக்கியை மேசையிலேருந்து எடுத்துடப் போறேன்."

"எடுத்து?"

"போலீஸ்ல ஒப்படைச்சா உருக்கிடுவாங்களாம்."

"உருக்கவா!" வெர்னரின் குரல் ஆட்டுக்குட்டிபோல் ஒலித்தது. "இல்லே, ஊர்ஸ், அவ்வளவு மோசமில்லே."

"குண்டு பின்னால வரும்னு சொன்னியாமே?"

"சுட்டாத்தானே வரும்! சுடாம இருந்தா அது பாட்டுக்குச் சாதுவா இருக்கும். செத்துப்போன மனுஷன் ஞாபகமா குடுத்தது. உருக்கினா குடும்பத்துக்காரங்க மனசு என்ன பாடு படும்? யாராவது சுவத்துல மாட்டிக்கட்டுமே."

"இந்தக் கண்றாவியை யார் மாட்டுவா?"

"எவனாவது ஒரு ஏமாளி இருப்பான்," என்றார் வெர்னர். தலைவரை அனுப்பி வைப்பதற்குள் அவருக்கு இரண்டு கோப்பை ஆப்பிள் ஸ்னாப்ஸ் சாராயம் செலவாயிற்று. ஒன்று தலைவருக்கு, ஒன்று தனக்கு.

வெளிப் பகையைச் சமாளித்தாயிற்று. இனி வீடு.

அந்த நாட்டில் எல்லா வீட்டிலும் இருப்பதுபோல் வெர்னர் வீட்டின் அடியிலும் ஒரு பதுங்கறை இருந்தது. ஒரு முழக் கனத்தில் கான்கிரீட் சுவர், யானை உதைத்தாலும் அசையாத இரும்புக் கதவு. போர் வந்தால் இரண்டு பேரும் ஒளிந்துகொள்ள அரசாங்கம் கட்டச் சொன்னது. போர் வரவில்லை. வெர்னரின் துப்பாக்கிகள் வந்தன. இப்போது பதினொன்று. ரோஸ்மாரி சமீபத்தில், துருத்தியை விரித்து வாசிக்கும் அக்கார்டியன் கற்க ஆரம்பித்திருந்தாள். மத்தியானம் வாசித்தால் ஓய்வு நேரம் என்று பக்கத்து வீட்டு ஹெடி ஜன்னலைத் தட்டுவாள். ராத்திரி வாசித்தால் சுவரைத் தட்டுவாள். வாசித்தால் வெளியே கேட்காத ஒரே இடம் பதுங்கறைதான். அதில் ரோஸ்மாரி நுழையலாம், அக்கார்டியன் நுழையலாம், ஆனால் அதை விரிக்க முடியாது. இனிமேல் ஒரு துப்பாக்கிகூட வாங்கக் கூடாது என்று ஈஸ்டர் அன்றைக்கே அவள் கட்டளை போட்டுவிட்டாள்.

வாங்கத்தானே கூடாது? இது பரிசு. பரிசு வருவதை யார் தடுக்க முடியும்? தவிர, எல்லாரும் ஒதுக்கிய பழங்குப்பை வேறு வழியில்லாமல் தன் தலையில் விழுந்ததாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால் அவள் பரிதாபம்தான் படுவாள். ஆகவே வெர்னர் வீட்டிலும் வாரத் தொடக்கத்திலிருந்தே அஸ்திவாரம் போட்டுவந்தார்.

"அந்தக் கிறிஸ்டியான் துப்பாக்கி இருக்கே, ரோஸ்மாரி, வெறும் துரு."

ரோஸ்மாரி உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை சொன்னே."

"போல்ட்டுகூட ஒத்துவரலே."

"அதை நேத்து சொன்னே."

"எதுக்குச் சொல்றேன்னா, என் தலையில வந்து விழுந்துடுமோன்னு பயமா இருக்கு."

"உனக்கு முன்னால நான் இருக்கேனே."

வெர்னர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "நீ என்ன எடுக்கப்போறே?"

"பழக்கூழ் காய்ச்சற செம்புச் சட்டி ஒண்ணு வச்சிருக்காங்க. ரொம்ப நாளா ஆசை. முன்னால இருக்கற யாரும் தூக்கிட்டுப் போகாம இருக்கணும்."

"போக மாட்டாங்க!" என்றார் வெர்னர். அன்று சாயங்காலமே சீட்டு விளையாடப் போன இடத்தில், அந்தச் செம்புச் சட்டியில் எதை வைத்தாலும் அடிப்பிடிக்கும் என்று ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டார். ஒரே ஒரு பொய் என்ற விரதம் இப்படியாக மூன்றாவதோ நான்காவதோ பொய்யில் வந்து நின்றது. சரியாக அவருக்கே நினைவில்லை.

சனிக்கிழமை வந்தது. பீன்ஸ், உப்புக் கறி, மலைபோல் கிரீம் போட்ட மெரிங்கு இனிப்பு. எல்லாரும் சாப்பிட்டார்கள். வெர்னருக்கு மட்டும் ஒன்றும் இறங்கவில்லை. ஊர்ஸ் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் ஆள் மாட்டு மணியைத் தூக்கினார். இரண்டாமவர் பன்றித்தொடை. எர்ன்ஸ்ட் எழுந்தபோது வெர்னர் மேசைக்கடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார். எர்ன்ஸ்ட் துப்பாக்கியைப் பார்த்தார், வெர்னரைப் பார்த்தார், 'நல்லவேளை காப்பாத்தினே' என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு போனார். நான்கு, ஐந்து, ஆறு. ஒருவன் துப்பாக்கிப் பக்கம் கை நீட்டியபோது அவன் பெண்டாட்டி "கட்டைவிரல்!" என்று கத்தினாள். அவன் அவசரமாக ஒரு குடையை எடுத்தான். பதினோராம் ஆள் போனான். மேசையில் செம்புச் சட்டி பளபளவென்று இருந்தது. துப்பாக்கியும் இருந்தது. வெர்னர் பாதி எழுந்தே விட்டார்.

"பன்னிரண்டு, ரோஸ்மாரி!"

ரோஸ்மாரி போனாள். செம்புச் சட்டியைத் தூக்கினாள். திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள்.

கூடம் முழுக்கச் சிரிப்பு.

"ரோஸ்மாரி, அது வெடிக்கும்!"

"வீட்டுல ஒரு நிபுணர் இருந்துமா இதை எடுத்தே?"

"சுடறதுக்கா எடுத்தேன்?" என்றாள் ரோஸ்மாரி. "முன்னறைல வைக்க நிலைவிளக்கு ஒண்ணு வேணும். கட்டையில ஒரு துளை, குழல்ல ஒரு துளை. உள்ளே ஒயரை விட்டு, மேலே பூப்போட்ட மூடி ஒண்ணு மாட்டினா ஜோரா இருக்கும். துருப்பிடிச்ச குழல்தானே, எத்தனை துளை போட்டா என்ன?"

எல்லாரும் கை தட்டினார்கள். வெர்னரும் தட்டினார். தட்டாமல் என்ன செய்வது? ஊர் முழுக்கக் குப்பை என்று சொன்ன வாயால், ஐயோ துளை போடாதே என்று இப்போது எப்படிக் கத்துவது? அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போனார். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் மடியில் செம்புச் சட்டி இருப்பதைப் பார்த்தார்.

காரில் திரும்பும்போது ரோஸ்மாரி அக்கார்டியன் மெட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தத் துளை..." என்று ஆரம்பித்தார் வெர்னர்.

"திங்கக்கிழமை. பட்டறைல சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா!"

"பத்து நிமிஷ வேலைதானாம்."

பாலம்வரை வெர்னர் தாக்குப்பிடித்தார். பாலத்தைத் தாண்டியதும் உடைந்துபோனார். முதல் தொகுப்பு, ஒல்லியான எண், பெர்ன் தொழிற்சாலை, தன் வாழ்நாள் கனவு எல்லாவற்றையும் கொட்டினார். துளை போடுவது மாதா கோவிலில் துளை போடுவதற்குச் சமம் என்றார். கடைசியில் அழாத குறை.

"தெரியும்," என்றாள் ரோஸ்மாரி.

"என்ன தெரியும்?"

"உனக்கு அது வேணும்னு. ஒரு பொருளை நீ மூணு தடவை குறை சொன்னா, அது உனக்கு வேணும்னு அர்த்தம்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லே."

"லாங்னாவ் சந்தை நடனத்துல என்னைப் பத்திப் பசங்ககிட்ட என்ன சொன்னே?"

கார் ஒரு குலுங்கு குலுங்கியது. "என்ன சொன்னேன்?"

"ஆடினா காலை மிதிப்பா, உருளைக்கிழங்கைக் கருக்குவா, கோபம் வந்தா வாளியால அடிப்பா. அன்னிக்கு ராத்திரி பூரா ஒருத்தன்கூட என்னை ஆடக் கூப்பிடலே. கடைசியா நீ மட்டும் தியாகி மாதிரி வந்து நின்னே."

"யார் சொன்னது?"

"எர்ன்ஸ்ட். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி."

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்டே?"

"ஒருத்தன் இவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்றானே, நிஜமாவே நாம வேணும்போல இருக்குன்னு தோணிச்சு."

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மறைத்து வைத்ததாக நினைத்த ரகசியம் அத்தனை வருஷமும் அவளிடமே பத்திரமாக இருந்திருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிடித்தார். சுகமாகத்தான் இருந்தது.

"சரி," என்றாள் ரோஸ்மாரி, கையை விடாமலே. "துப்பாக்கியை நீயே வச்சுக்கோ. பதிலுக்குப் பதுங்கறை எனக்கு."

"அப்போ அங்கே இருக்கற பதினொண்ணு?"

"சங்கத்துக்குக் குடு. புதுசா சுடக் கத்துக்கறவங்களுக்கு ஆகும்."

வெர்னர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தப் பதினொன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒன்று கிடக்கிற ரகம். இது நாட்டிலேயே கைப்பிடி அளவு. பெரிய மனசு பண்ணுவதுபோல் ஒரு பெருமூச்சு விட்டு, "உனக்காக," என்றார். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தார். பாவம், பெண்பிள்ளைக்கு விவரம் தெரியவில்லை. வைரத்தைக் கொடுத்துவிட்டுக் கூழாங்கல் மூட்டையை வாங்குகிறாளே!

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றையும் அவரே சுமந்து படியேற்றினார், அவரே சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். விசிலடித்துக்கொண்டே சேர்த்தார். ஊர்ஸ் நெகிழ்ந்துபோய் அவருக்குக் கௌரவ உறுப்பினர் பட்டம் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை, பெருமையைக் கேட்க ஒரு விவரமான காது வேண்டுமே என்று, பக்கத்து நகரத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கெர்பரிடம் கொண்டுபோனார். கெர்பர் எண்ணைப் பார்த்து விசிலடித்தார். பிறகு போல்ட்டைக் கழற்றினார். குழலில் விளக்கைப் பிடித்தார். மேகசினை உருவினார். கட்டையைப் பிரித்தார். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு வெர்னரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வெர்னர், உன் கண்ணே கண்ணு!"

"அபூர்வம், இல்லே?"

"அபூர்வம்தான். இப்படி ஒரு மனுஷனை நான் பாத்ததில்லே. எர்ன்ஸ்ட் வந்து சொன்னப்போ நான் நம்பலே. பாத்த மாத்திரத்துல எல்லாத்தையும் புட்டுப்புட்டு வச்சிருக்கியே!"

"எதை?"

"குழல் முழுக்கத் துருன்னு சொன்னியாமே. இதோ, உள்ளே குண்டைச் சுழட்டற வரியே இல்லே, அரிச்சுத் தின்னுடுச்சு. போல்ட்டு வேறதோடதுன்னு சொன்னே. வேறதோடதுதான். மேகசின் இன்னொண்ணோடது, அதுவும் சரி. கட்டை நாலாவது துப்பாக்கியோடது, அதை மட்டும் விட்டுட்டே. இது துப்பாக்கி இல்லேப்பா, கூட்டுக் குடும்பம். சுட்டா நிஜமாவே குண்டு பின்னால வந்தாலும் வரும். அந்த எண்ணு இருக்கற துண்டு இரும்பு மட்டும்தான் அசல்."

"அதுக்கு ஏதாவது மதிப்பு?"

"மேசைமேல காகிதம் பறக்காம வைக்கலாம்."

வெர்னர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தரைக்கடியிலிருந்து அக்கார்டியன் கேட்டது. ஒன்றல்ல, நான்கு. ரோஸ்மாரியின் சிநேகிதிகள் வந்திருந்தார்கள். அவள் மேலே காப்பி எடுக்க வந்தாள். சந்தோஷத்தில் முகம் சிவந்திருந்தது.

"கெர்பர் என்ன சொன்னான்?"

பொய் சொல்லலாமா என்று வெர்னர் ஒரு நொடி யோசித்தார். திராணி இல்லை. "எல்லாம் போச்சு," என்றார். "குழல் துரு. நாலு துப்பாக்கியை உடைச்சு ஒண்ணாக்கினது."

"ஆமாம்," என்றாள் ரோஸ்மாரி, காப்பியை ஊற்றியபடி. "கிறிஸ்டியான் அதை மாட்டுக் கொட்டில்ல இல்லே மாட்டி வச்சிருந்தார். அந்த ஈரத்துல எது பிழைக்கும்? அவங்க அண்ணன் தம்பி நாலு பேரு. ஞாயித்துக்கிழமை நாலு துப்பாக்கியையும் ஒரே மேசைல கழட்டிப் போட்டுத் துடைப்பாங்க. பேச்சு சுவாரஸ்யத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்து மாட்டிடுவாங்க. பக்கத்துப் பண்ணைல வளந்தவ நான், பாக்காததா? அப்புறம் பரிசு மேசைக்குத் துணி விரிச்சப்போ குழலைக் கண்ணுல வச்சும் பாத்தேன். ஒண்ணுமே மின்னலே."

வெர்னர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்போ... அது குப்பைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ரோஸ்மாரி காப்பித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கீழே இறங்கும் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நீதான் வாரம் பூரா ஊருக்கே சொல்லிட்டிருந்தியே, வெர்னர். உனக்கு நான் வேற தனியா சொல்லணுமா?"